வெள்ளிக்கிழமை இல்லாத வாரம்

எனக்கு ஒன்பது வயது நடந்த மழைக்காலத்தில், ஒரு வாரம் மட்டும் எங்கள் வீட்டில் வியாழக்கிழமை இரண்டு தடவை வந்தது. அதற்கு மறுநாள் நேராகச் சனிக்கிழமை. பஞ்சாங்கம் பார்க்கிறவரைக் கேட்டால் அப்படி நடக்க வழியே இல்லை என்பார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. கணக்கு எனக்கு எப்போதுமே வராது. எட்டாம் வகுப்போடு நானும் கணக்கும் சண்டை சச்சரவில்லாமல் பிரிந்துவிட்டோம். ஆனால் இந்த ஒரு கணக்கில் நான் தப்பு செய்யவில்லை. நடுவிலிருந்த வெள்ளிக்கிழமையை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒளித்துவைத்தோம்.

வீடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் போகிற சந்துகளில் ஒன்று. முன்பக்கம் வீட்டுக்கார மாமியின் மச்சு வீடு. அதன் பக்கத்து இடுக்கு வழியாக உள்ளே போனால் வரிசையாகப் போர்ஷன்கள். கடைசிப் போர்ஷன் எங்களுடையது. ஒரு அறை, ஒரு சமையல் தடுப்பு, அவ்வளவுதான். வெயில் எங்கள் வாசற்படி வரைக்கும் வந்து, உள்ளே ஆள் அதிகம் என்று திரும்பிப் போய்விடும். சாமி படம் மாட்டியிருந்த மூலையில் நட்டநடுப் பகலிலும் லைட்டைப் போட்டால்தான் அது முருகனா அம்மனா என்று தெரியும். அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் நாங்கள் சாப்பிட உட்காருவோம். மீன் வாங்குகிற நாட்களிலும் அங்கேதான் உட்கார்ந்து முள் எடுத்துத் தின்போம். சாமிக்கு அதைப் பற்றிப் புகார் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் வேறு.

வெள்ளிக்கிழமை அம்மாவின் நாள். அபிராமபுரத்தில் ஒரு வீட்டில் அம்மாவுக்குச் சமையல் வேலை. அன்றைக்கு மட்டும் வேலைக்குப் போவதற்கு முன்பே சீயக்காய் தேய்த்துத் தலை முழுகி, ஈரத்துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, தரையை மஞ்சள் தண்ணீரால் துடைத்து, சாம்பிராணி போடுவாள். சாயங்காலம் விளக்கேற்றுவாள். அடுப்பில் அன்று முட்டை கூட ஏறாது. அப்பா ஆட்டோ ஓட்டினார். வாரம் தவறாமல் ஏற்றுகிற அந்த விளக்குதான் அப்பாவின் ஆட்டோவுக்கும் மவுண்ட் ரோடு லாரிகளுக்கும் நடுவில் நிற்கிறது என்பது அம்மாவின் நம்பிக்கை. அப்பா வண்டி ஓட்டுவதைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுத்துப் பேச மாட்டார்கள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. அவள் புருஷன் செத்துப்போன பிறகு எங்களோடு வந்துவிட்டாள். கோயில் வாசலில் பூக்கட்டி விற்றாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எதிரில் நிற்பது ஆளா தூணா என்று மட்டும்தான் தெரியும். பூ கட்டுவதற்குக் கண் எதற்கு, விரலும் மூக்கும் போதும் என்பாள். அந்த மூக்கு சாதாரண மூக்கில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேனா பீச்சிலிருந்து வருகிறேனா என்பதை நான் இடுக்கில் நுழையும்போதே சொல்லிவிடும். கிழமையும் அவளுக்கு மூக்கில்தான் தெரியும். "வெள்ளிக்கெயமைக்குன்னு ஒரு வாசன கீதுடா" என்பாள்.

இனி மாமா. அம்மாவின் தம்பி. லஸ் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் எடை போடுகிற வேலை. கடைக்கு வருகிற கதைப் புத்தகங்களையெல்லாம் எடை போடுவதற்கு முன்னால் படித்துவிடுவார். எல்லாம் அட்டை போனது, முதல் பக்கம் போனது, நடுவில் எலி தின்றது. போன பக்கங்களை மாமா தன் கையிலிருந்து போட்டு நிரப்பிக்கொள்வார். அவர் சொன்ன கதைகளில் பனிமலை ராஜாக்கள் எல்லாம் காலையில் பொங்கல் வடை தின்றுவிட்டுத்தான் போருக்குப் போனார்கள்.

அந்த வருஷம் மழை பிடிப்பதற்கு முன்பு ஒரு நாள் சாயங்காலம் மாமா அப்படி ஒரு கதை கொண்டுவந்தார். வெளிநாட்டுக் கதை. ரொட்டி சுடுகிறவனின் மகள். அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. நீளமாகக் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் வாசலில் வந்து நிற்கிறான். அவனுக்குக் கண் இருக்கிற இடத்தில் குழிதான், கண் கிடையாது. கையில் மணல் கடிகாரம் வைத்திருக்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கோபுரத்து மணி அடித்ததும் உள்ளே வந்து உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன் என்கிறான்.

எந்த பீச்சு மணல் என்று நான் கேட்டேன். பாலவாக்கத்து மணல் என்றார் மாமா. மெரினா மணல் என்றால் சுண்டல் பேப்பர் கலந்திருக்கும், கண்ணாடிக்குள் அடைத்துக்கொள்ளும் என்றார். பிறகு புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டி, தெரிந்த ஆள் மாதிரி விளக்கம் சொன்னார். மணல் என்றால் காலம். கோட்டுக்காரன் சாவு. அந்தப் பெண் காற்றில் கையால் மறைத்துப் பிடித்திருக்கிற மெழுகுவர்த்திதான் நம்பிக்கை.

நம் வீட்டில் கரண்டு போனால்தானே மெழுகுவர்த்தி ஏற்றுவோம் என்று நான் மடக்கினேன்.

"அதேதான்டா. கரண்டு போனாத்தான் அதுக்கு வேல" என்றார் மாமா.

அந்தப் பெண் சனிக்கிழமை ராத்திரி கோபுரத்தில் ஏறி, கூடை கூடையாக ரொட்டி மாவைக் கொண்டுபோய் மணிக்குள் அடைத்துவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை கயிற்றை இழுத்தால் மணி, இட்லி தரையில் விழுந்தது போல 'தொப்' என்றதாம். கோட்டுக்காரனுக்குக் கண் இல்லை, காது மட்டும்தான். மணி கேட்காததால் இன்னும் சனிக்கிழமைதான் என்று நினைத்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டானாம்.

அம்மா உள்ளேயிருந்து, எத்தனை படி மாவு வீணாய்ப் போனதோ என்றாள். வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றுவிட்டது.

"அப்பால அவன் இன்னா பண்ணான்?" என்று கேட்டாள்.

மாமா புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். அதற்குமேல் பக்கம் இல்லை. கடையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்துக்குப் போயிருக்கும் என்றார். வழக்கம்போல நீயே ஒரு முடிவு சொல்லேன் என்று நான் அவர் முதுகில் ஏறிக்கொண்டு கேட்டேன். எல்லாக் கதைக்கும் முடிவு சொல்கிற மாமா இதற்கு மட்டும் சொல்லவில்லை. சாவு வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிற கதையில் நான் வாயை வைக்க மாட்டேன் என்று புத்தகத்தை மடக்கி வைத்துவிட்டார்.

மழை வந்தது. அத்தைக்குக் காய்ச்சலும் வந்தது. காய்ச்சல் போன பிறகும் அத்தை பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. கோயில் வாசலில் அவள் உட்காருகிற இடத்தில் வேறு ஒருத்தி கூடையைப் போட்டுவிட்டாள் என்று யாரோ வந்து சொன்னார்கள். அத்தை அதற்கு ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. கஞ்சி கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவளே எழுந்து உட்கார்ந்து, வெகு நாளைக்குப் பிறகு சிரித்த முகமாக, எல்லோரையும் கூப்பிட்டாள். செத்துப்போன புருஷன் கனவில் வந்தாராம். பழைய வெள்ளைச் சட்டையில், எண்ணெய் வைத்துத் தலை சீவிக்கொண்டு வந்தாராம்.

"வர்ற வெள்ளிக்கெயம வெளக்கு வக்கிற நேரத்துக்கு வந்து இட்டுகினு போறேன்னு சொல்லிட்டாரு" என்றாள். பக்கத்து ஊருக்குக் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி சொன்னாள்.

அதோடு கஞ்சியும் நின்றது. போகிற இடத்துக்கு வயிற்றில் பாரம் எதற்கு என்றாள். பூ கட்டுகிற நார்க்கட்டை எதிர்ப் போர்ஷன் அக்காவுக்குக் கொடுத்தாள். வெற்றிலைப் பெட்டியை மாமாவுக்குக் கொடுத்தாள். எனக்கு அவளுடைய தலையணையைத் தருவதாகச் சொன்னாள், ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான். அப்பா ஆட்டோவில் போய் டாக்டரைக் கூட்டிவந்தார். அவர் நாடி பிடித்துப் பார்த்து, கண் இமையை விலக்கிப் பார்த்து, வெளியே இடுக்கில் நின்று சொன்னார்: உடம்பில் பெரிய கோளாறு எதுவும் இல்லை, சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வார்கள், சாப்பிடாமல் இப்படியே கிடந்தால் அவர்கள் சொன்ன கிழமை தப்பாது.

அப்பா அத்தையோடு சண்டை போட்டார். கெஞ்சினார். கனவை நம்பாதே என்றார். மற்ற நாளெல்லாம் ராசி பலன் கேட்காமல் வண்டி எடுக்காத ஆள் அவர். அத்தை அதைச் சொல்லிக் காட்டியதும் எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

நான் என்ன யோசித்தேன் என்று கேட்டால், யோசிக்கவெல்லாம் இல்லை. அந்த வாரம் மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு. புதன்கிழமை மத்தியானம் மாமாவின் கடைக்குப் போய், மூட்டை மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே கேட்டேன்.

"மாமா, நம்ம வூட்ல மணி எது?"

"எந்த மணி?"

"மாவு அடைக்கிறதுக்கு."

மாமா சிரித்தார். இழுத்து இழுத்துச் சிரித்துவிட்டு, தராசில் ஒரு கட்டுப் பேப்பரைப் போட்டார். எடையைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தைக்கு மூக்குதான் மணி என்று நான்தான் சொன்னேனா அவர் சொன்னாரா என்று இப்போது ஞாபகமில்லை. எல்லா வெற்றிக்கும் நானே காரணம் என்று பிற்காலத்தில் நான் சொல்லித் திரிந்ததால், அந்த இடம் கொஞ்சம் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை வாசனை வராமல் இருந்தால் அது வெள்ளிக்கிழமை இல்லை. இதுதான் திட்டம். அந்த ஒரு நாளைத் தாண்டிவிட்டால், சொன்னவர் வரவில்லை என்று அத்தைக்கே தெரிந்துபோகும், சாப்பிட ஆரம்பித்துவிடுவாள். ஆனால் வாசனை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது என்றார் மாமா. சீயக்காய் வரவில்லை, சாம்பிராணி வரவில்லை என்றால் அத்தை சந்தேகப்படுவாள். வேறு கிழமையின் வாசனை வர வேண்டும். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் எது நடக்கவே நடக்காதோ அது நடக்க வேண்டும்.

"மீன் கொயம்பு" என்றேன்.

அதை அம்மாவிடம் யார் சொல்வது என்பதுதான் மிச்சம். மாமா சொன்னார். சொல்லிவிட்டு, அடி விழுந்தால் ஓடுவதற்கு வசதியாக வாசற்படியில் நின்றுகொண்டார். அம்மா அடிக்கவில்லை. மாமாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பேப்பர் கடையில் வேலை பார்க்கிற பயலுக்கு வெள்ளிக்கிழமையில் கை வைக்கிற தைரியமா என்று மட்டும் கேட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை கூட விளக்கு நின்றதில்லை. நான் பிறந்த வாரத்தில் கூட எதிர்ப் போர்ஷன் அக்காவை விட்டு ஏற்றச் சொன்னவள். அந்த விளக்கை அணைத்துப்போட்டு, அதன் எதிரில் மீன் கொதிக்க வைத்து, ரோட்டில் போகிற மனிதனுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றாள்.

அப்பா அதுவரை கயிற்றுக்கொடியில் தொங்கிய காக்கிச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றிருந்தார்.

"நான் வெள்ளிக்கெயம வண்டி எடுக்கல. வூட்லயே குந்திகினு கீறேன். லாரி வூட்டுக்குள்ள வராது" என்றார்.

அம்மா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பாயோடு பாயாக ஒட்டிப்போயிருந்தாள்.

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். மாமிகிட்ட நீங்க போய்ப் பேசுங்க" என்றாள் அம்மா.

சாமியை விட மாமி கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். மாமி எங்களுக்கு வீடு கொடுத்தபோதே போட்ட ஒரே சட்டம், வெள்ளிக்கிழமை காம்பவுண்டுக்குள் மீன், கறி வாசனை கூடாது என்பது. மற்ற நாட்களில் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். மாமாவும் நானும் வியாழக்கிழமை சாயங்காலம் போனோம். மாமி ஊஞ்சலில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். கோட்டுக்காரன், மணல், ரொட்டி மாவு எல்லாவற்றையும் சொன்னார். பயத்தில் கொஞ்சம் கூடவே சொன்னார். மீன் என்ற வார்த்தைக்கு வந்ததும் குரல் உள்ளே போய்விட்டது. மாமி கத்தியைக் கீழே வைத்தார்கள். அத்தை என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றேன். நேற்று? நேற்றும் இல்லை.

மாமி எழுந்து உள்ளே போய், ஒரு பையோடு வந்தார்கள்.

"நாளைக்கு நான் நங்கநல்லூர்ல பொண்ணாத்துக்குப் போறேன். கார்த்தால போனா வெளக்கு வெக்கிற நேரத்துக்குத்தான் வருவேன். நான் ஆத்துல இல்லாதப்போ நீங்கள்லாம் என்ன பண்றேள்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

மாமா தலையை ஆட்டினார்.

"வாயத் தொறந்து சொல்லாதே. நன்னா மூடிண்டு போ" என்றார்கள் மாமி.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. சந்து முனை அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து குழாய் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார்கள். மைக் செட் பையன் மாமாவுக்கு சிநேகிதன். ஆனாலும் பாட்டை நிறுத்தினால் ஊர் கேட்கும் என்றான். அதனால் மாமா விடியற்காலையில் மரத்தில் ஏறி, எங்கள் பக்கம் பார்த்திருந்த குழாயின் வாயில் அத்தையின் பழைய பூச்சாக்கைச் சுருட்டி அடைத்துவிட்டு வந்தார். அன்றைக்கு அம்மன் பாட்டு முழுவதும், வாயில் பணியாரத்தை வைத்துக்கொண்டு பாடியது போலக் கேட்டது. மழைக்கு ஸ்பீக்கர் நனைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அம்மா தலை முழுகவில்லை, வேலைக்கும் போகவில்லை. எப்போதும் ஈரத்துண்டு சுற்றியிருக்கிற தலையை வெறும் தலையாகப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. மற்ற போர்ஷன்காரர்களிடமும் சொல்லியாகிவிட்டது. யாரும் சாம்பிராணிச் சட்டியை எடுக்கவில்லை. எதிர்ப் போர்ஷன் அக்கா உதவியில் எங்களை முந்திக்கொண்டு, காலையிலேயே கருவாடு சுட்டுவிட்டாள். அப்பா பீச்சுக்கு நடந்தே போய்ச் சங்கரா மீன் வாங்கி வந்தார். ஆட்டோ சந்தில் நனைந்துகொண்டு நின்றது.

அத்தை கண் விழித்ததும் என்னைக் கூப்பிட்டாள். எப்போதும் கேட்பதுதான்.

"இன்னிக்கி இன்னா கெயமடா?"

"வியாயன் அத்த."

"நேத்து வியாயன்னியே."

"நேத்து பொதன்."

அத்தை மூக்கை உயர்த்தி மெதுவாக இழுத்தாள். கருவாடு வந்திருக்கும். அப்புறம் அம்மா புளி கரைத்து ஊற்றிய வாசனை வந்திருக்கும். மீன் கொதி வந்து, மல்லித்தூளும் மாங்காயும் சேர்ந்து அந்த ஒற்றை அறையே நிரம்பியது. நான் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு சுருக்கம் போனது. மறுபடியும் ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தாள். மாமா வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து, பிரித்துப் பார்க்காத பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தார். அம்மா அடுப்பை விட்டு வெளியே வரவில்லை.

மத்தியானம் ஆனது. அத்தை என்னை மறுபடி கூப்பிட்டாள்.

"உங்க அம்மா இன்னா மீனு வாங்கிகிறா?"

"சங்கரா."

"தலை கீதா?"

"கீது அத்த."

தூக்கி உட்கார வை என்றாள். அப்பா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் பிடித்து, சுவரில் சாய்த்து உட்காரவைத்தார்கள். அம்மா தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, மீன் தலையை வைத்துக் கொண்டுவந்தாள். அத்தை தட்டைத் தடவிப் பார்த்தாள். ஆனால் உடனே கையை வைக்கவில்லை. தலைமாட்டில் சுருட்டி வைத்திருந்த தன்னுடைய பழைய சேலைத் துண்டை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"இத்த சாமி படத்து மேல போட்டு மூடுடா. சாமி மொகத்துல வெயிலு அடிக்கிது" என்றாள்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நான் சொல்ல வாயெடுத்தேன். மாமா என் காலில் கிள்ளினார். அத்தைக்குத்தான் கண் தெரியாதே, எதையாவது சொல்கிறாள், சாப்பிட்டால் போதும் என்று நானும் ஸ்டூலைப் போட்டு ஏறி, படத்தை நன்றாக மூடிவிட்டு இறங்கினேன்.

"மூடிட்டியா?"

"மூடிட்டேன்."

அதன்பிறகு அத்தை சாப்பிட்டாள். முதல் வாய் தொண்டையில் நின்றது, தண்ணீர் குடித்தாள். இரண்டாவது வாய் இறங்கியது. மீன் தலையை உடைத்து, எலும்பை உறிஞ்சிக் கீழே வைத்தாள். குழம்பில் உப்பு தூக்கல் என்றாள். அம்மா உடனே சமையல் தடுப்புக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அம்மா பாத்திரம் எதையும் அன்றுவரை கீழே போட்டதில்லை.

இனி விளக்கு வைக்கிற நேரம்தான். மழை இருட்டில் அது சீக்கிரமே வந்தது. யாரும் லைட்டைப் போடவில்லை. போட்டால் விளக்கு வைக்கிற நேரம் என்று தெரிந்துவிடும் என்று நான் நினைத்தேன், மற்றவர்கள் என்ன நினைத்தார்களோ. அப்பா வாசற்படியில் குறுக்காக உட்கார்ந்துகொண்டார், உள்ளே நுழைய ஆளுக்கு இடமில்லாமல். அம்மா சாமி மூலைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். விளக்கும் தீப்பெட்டியும் அவளுக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தன. அத்தை உட்கார்ந்தபடியே இருந்தாள். எனக்கு அந்தக் கோட்டுக்காரனின் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் மனதில் தெரிந்தது கோட்டு இல்லை, வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துச் சீவின தலை. நான் மாமாவின் மடிக்குள் போய்விட்டேன்.

இடுக்கில் செருப்புச் சத்தம் கேட்டது. ஈரத்தில் மெதுவாக, நின்று நின்று வந்தது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். மாமாவின் நெஞ்சு என் முதுகில் இடித்தது. செருப்பு எங்கள் வாசலுக்கு வந்து நின்றது.

"ஏண்டியம்மா" என்று அம்மாவைக் கூப்பிட்டது வீட்டுக்கார மாமியின் குரல்.

குடையை மடக்கிக்கொண்டு, புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நின்றிருந்தார்கள். எங்கள் போர்ஷன் வாசல் வரைக்கும் மாமி அதற்கு முன்னால் வந்ததே இல்லை. உள்ளே பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார்கள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. வாசல்ல செம்பருத்தி பூத்திருக்கு, கார்த்தால பறிச்சுக்கோ, விளக்குக்கு."

சொல்லிவிட்டு, யாருடைய பதிலுக்கும் நிற்காமல் திரும்பி நடந்தார்கள். பொய் சொன்னால் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிறவர்கள் என்று பெயர். அன்று ராத்திரி மச்சில் ஆள் உட்கார்ந்து எழுந்திருக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது என்று மாமா பிற்பாடு கதை கட்டினார். அதை நம்ப வேண்டியதில்லை.

அத்தை அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள். குறட்டை விட்டாள். குறட்டைச் சத்தத்துக்கு நடுவில் அம்மா விளக்கை ஏற்றினாள். நேரம் தப்பிய விளக்கு சாமிக்குக் கணக்கில் வருமா என்று எனக்குத் தெரியாது. அப்பா அடுத்த நாள் ஆட்டோ எடுத்துக்கொண்டு போய் முழுசாகத் திரும்பி வந்தார், அதனால் வந்திருக்கும்.

மறுநாள் காலையில் அத்தை என்னைக் கூப்பிட்டுக் கிழமை கேட்டாள். அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஜெயித்தவனுக்கு ஜெயித்ததைச் சொல்ல வேண்டும்.

"சனி" என்றேன்.

"வெள்ளி எங்கடா?"

"பூட்ச்சி அத்த. நேத்தே பூட்ச்சி."

அத்தை எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அவரு வந்தாரா?"

"வந்தாரு. நீ மீன் தலைய உறிஞ்சிகினு இருந்த. சரி, சாப்டட்டும், அப்பால வரேன்னு பூட்டாரு."

அத்தை சிரித்தாள். பல் இல்லாத வாயைத் திறந்து, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். வெள்ளிக்கிழமை மீன் தின்ன வைத்துவிட்டாயே பாவி என்று அவள் என்னை ஒரு அடி கூட அடிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக் கூட இருந்தது. இவ்வளவு பெரிய மோசடி செய்திருக்கிறேன், ஒரு கூச்சலாவது போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக எதிர்ப் போர்ஷனுக்கு என்னை அனுப்பி நார்க்கட்டைத் திரும்ப வாங்கிவரச் சொன்னாள். அடுத்த வாரம் கோயில் வாசலில் அவள் இடத்தில் கூடை போட்டிருந்தவளைத் திட்டிய திட்டு தெற்கு மாட வீதி வரை கேட்டது. அத்தை அதற்குப் பிறகு வெகு காலம் இருந்தாள். கடைசியில் போனது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, பூ கட்டிக்கொண்டே. எந்தக் கனவும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நான் இந்தக் கதையை ஆட்டோ ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் சொல்லாத ஆள் கிடையாது. எமனையும் அத்தையையும் ஒரே நாளில் ஏமாற்றினவன் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டேன். போன மாதம் அந்தப் போர்ஷனைக் காலி செய்தோம். சாமி படத்தை நான்தான் சுவரிலிருந்து கழற்றினேன். படத்தின் பின்னால், ஆணியில், மக்கிப்போன ஒரு சேலைத் துண்டு சிக்கியிருந்தது. அம்மா பார்த்துவிட்டு என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். அத்தை அதை ஏன் மூடச் சொன்னாள் என்று அம்மாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. நான் மட்டும் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, அந்த மூலையில் வெயிலைத் தேடினேன்.

நட்டநடுப் பகல். வெளியே நல்ல வெயில். வழக்கம்போல அது வாசற்படியோடு நின்றிருந்தது. மற்ற கிழமைகளில் அதே சாமிக்கு எதிரில்தான் நாங்கள் எத்தனையோ மீன் தின்றிருக்கிறோம், ஒரு நாளும் அதன் முகத்தை மூடச் சொல்லி அத்தை கேட்டதில்லை.